‘தினமும் மாத்திரை போடுவார்’: இது நேற்றா, நாளையா?

“டெய்லி ஹி வில் டேக் டேப்லெட், டாக்டர்.”

கோரிமேடு ஜிப்மரில் ஒரு மகள் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பாவை அழைத்து வந்திருக்கிறார். அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே இருக்கும் இளம் டாக்டர் ராஜஸ்தானிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ படிக்க வந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் “வலி இருக்கா?”, “மூச்சை இழுத்து விடுங்க” என்கிற அளவில் நிற்கிறது. மகள் டிகிரி முடித்தவர். ஆகவே இங்கிலீஷிலேயே சொல்லிவிடலாம் என்று சொல்கிறார்.

அவர் மனதில் ஓடிய தமிழ் வாக்கியம், “அப்பா தினமும் மாத்திரை போடுவார்” என்பது. பல வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார், இன்று காலைகூடப் போட்டார் என்று அர்த்தம். ஆனால் வாயிலிருந்து வந்த ஆங்கிலத்துக்கு, “இனிமேல் தினமும் போட்டுக்கொள்வார்” என்று நேரான அர்த்தம். சத்து மாத்திரை என்றால் பிழை பெரிதில்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை என்றால்? நோயாளி அதைப் போட்டுக்கொண்டிருக்கிறாரா, இனிதான் தொடங்கப்போகிறாரா என்பது ஆபரேஷன் செய்பவருக்குத் தெரிந்தே ஆகவேண்டிய விஷயம்.

அனுபவம் உள்ள டாக்டர் என்றால் உடனே ஒரு மறுகேள்வி போட்டுத் தெளிவாக்கிக்கொள்வார். நம் ஊர் இங்கிலீஷ் அவருக்குப் பழகியிருக்கும். புதிதாக வந்தவருக்கு அந்தப் பழக்கம் வர நாளாகும். அந்த மகள் செய்தது கவனக்குறைவான பிழையும் இல்லை. தமிழில் சரியாக நினைத்ததை வார்த்தைக்கு வார்த்தை கொண்டுபோனார், அவ்வளவுதான்.

கோரிமேட்டில் இது தினசரிப் பிரச்னையாக இருப்பதற்கு ஊரின் வரலாறும் காரணம். பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்ததுதான் ஜிப்மர். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1964-ல் ஜிப்மர் என்ற பெயர் வந்தது. 2008-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. நாடு முழுவதும் இருந்து மாணவர்கள் வருகிறார்கள். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் இருந்து நோயாளிகள் வருகிறார்கள். அன்றைக்கு டாக்டரின் மொழி பிரெஞ்சு, இன்றைக்கு ஆங்கிலம். நோயாளியின் மொழி அன்றும் இன்றும் தமிழ். நடுவில் நின்று மாற்றிச் சொல்வது நர்ஸ் அக்காவோ, வீட்டில் படித்த பிள்ளையோதான்.

அந்தப் படித்த பிள்ளை வழுக்குகிற இடங்களில் முக்கியமானது, நாளையைப் பற்றிப் பேசும் இடம். “எதிர்காலம் என்றால் வில் போடு” என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பிரச்னை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. காரணம், தமிழில் எதிர்கால வினை எதிர்காலத்தை மட்டும் சொல்வதில்லை.

“சூரியன் கிழக்கே உதிக்கும்.” நாளை மட்டுமா? என்றைக்கும். “எங்க வீட்டுல அம்மாதான் காபி போடுவாங்க.” இது பழக்கம். “மாடி ஏறினா மூச்சு வாங்கும்.” இது நோயாளி சொல்லும் அறிகுறி. “எங்க தாத்தா சைக்கிள்லதான் வயலுக்குப் போவாரு.” தாத்தா காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கலாம். ஆனாலும் தமிழ் எதிர்கால வினையில் அவர் இன்னும் சைக்கிள் மிதிக்கிறார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை “மை கிராண்ட்ஃபாதர் வில் கோ பை சைக்கிள்” என்று சொன்னால், கேட்பவர் தாத்தாவுக்கு உடம்பு தேறிவிட்டதா என்று விசாரிப்பார். முடிந்துபோன பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் “யூஸ்ட் டு” இருக்கிறது: “ஹி யூஸ்ட் டு கோ பை சைக்கிள்.” இன்றும் தொடரும் பழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலம் போதும்: “ஹி டேக்ஸ் திஸ் டேப்லெட் எவ்ரி டே.” மூச்சு வாங்குவதற்கும் அதேதான்: “ஹி கெட்ஸ் பிரெத்லெஸ் வென் ஹி கிளைம்ப்ஸ் ஸ்டெர்ஸ்.” எங்கும் வில் இல்லை.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் “வழக்கமா” என்ற சொல்லைச் செருகிப் பாருங்கள். “அப்பா வழக்கமா தினமும் மாத்திரை போடுவார்” என்பது இயல்பாக ஒலிக்கிறதா? அப்படியானால் வில் வேண்டாம். “இனிமே” என்ற சொல்தான் பொருந்துகிறது என்றால் வில் போடலாம். “அப்பா இனிமே ஒழுங்கா மாத்திரை போடுவாரு டாக்டர், நான் பார்த்துக்கறேன்” என்று மகள் வாக்குக் கொடுக்கும்போது, “ஹி வில் டேக் இட் ரெகுலர்லி” என்பது ரொம்பச் சரி.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் தமிழில் உண்டு. எதிர்காலத்தைச் சொல்ல நாம் அதிகம் பயன்படுத்துவது நிகழ்கால வினையை.

“நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்றாங்க.” “வெள்ளிக்கிழமை மாமா வர்றாரு.” “சித்ரா பௌர்ணமிக்கு ஊருக்குப் போறோம்.” எல்லாமே வரப்போகும் நாட்கள், எல்லாமே நிகழ்கால வடிவம். நாளும் ஏற்பாடும் முடிவாகிவிட்ட விஷயத்தை ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதுபோலப் பேசுகிறோம். ஆங்கிலமும் இங்கே அச்சு அசல் தமிழ்தான். “தே ஆர் டிஸ்சார்ஜிங் ஹிம் டுமாரோ.” “மை அங்கிள் இஸ் கமிங் ஆன் ஃப்ரைடே.” நம் ஆட்கள் பலருக்கு இதில் நம்பிக்கை வருவதில்லை. நாளைக்கு நடப்பதற்கு எப்படி ‘இங்’ போடுவது என்று யோசித்து, வில்லைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். வில் போட்டால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஏற்பாடு முடிந்துவிட்டது என்கிற சேதி கேட்பவருக்குப் போய்ச் சேராது. “தே வில் டிஸ்சார்ஜ் ஹிம் டுமாரோ” என்றால் அது சொல்பவரின் கணிப்பாகவும் இருக்கலாம். ஊரில் இருக்கும் அண்ணன் வேனுக்குச் சொல்லிவிடலாமா, காத்திருக்கலாமா என்பது இந்த வித்தியாசத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

எச்சரிக்கை ஒன்று. தமிழின் இதே நிகழ்காலம் இன்னொரு வேலையும் செய்கிறது. வார்டில் ஒருவருக்கு ரத்தம் தேவை என்று சொல்கிறார்கள். பக்கத்தில் நின்ற பையன், “நான் தர்றேன்” என்கிறான். அந்த நொடியில் எடுத்த முடிவு. “இருங்க, நான் போய்ப் பார்க்கறேன்.” “சாயங்காலம் போன் பண்றேன் அத்தை.” இவையும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இதற்கு ‘இங்’ ஆகாது. “ஐ ஆம் கிவிங் பிளட்” என்றால், பேர் கொடுத்து, நேரம் குறித்து, எல்லாம் முடிந்தது என்று பொருள். அந்த நொடி முடிவுக்கு, வாக்குக்கு, உதவிக்கு ஆங்கிலம் வைத்திருப்பதுதான் வில்: “ஐ வில் கிவ்.” பேச்சில் சுருங்கி “ஐல் கிவ்”, “ஐல் கோ அண்ட் செக்”, “ஐல் கால் யூ திஸ் ஈவினிங்.”

முன்னால் “சரி” என்றோ “இருங்க” என்றோ போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். “சரி, நான் தர்றேன்” என்று வருகிறதா? ஐல். “வெள்ளிக்கிழமை ரத்தம் தர்றேன், ஏற்கெனவே பேர் கொடுத்திருக்கேன்” என்று வருகிறதா? ஐ ஆம் கிவிங்.

வில் என்ற சொல்லின் பூர்வீகம் தெரிந்தால் இது இன்னும் நன்றாகப் பிடிபடும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘விரும்பு’ என்று பொருள். ‘எனக்கு விருப்பம்’ என்பதிலிருந்து ‘நான் செய்கிறேன்’ வந்து, அதிலிருந்து வெறும் எதிர்காலம் வந்தது. ஜெர்மன் மொழியில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே “இஹ் வில்” என்றால் “எனக்கு வேண்டும்”. ஜெர்மனிக்கு வேலைக்குப் போக மொழி கற்றுக்கொண்டிருக்கும் நர்ஸ்கள் இதில் முதல் வாரமே முட்டிக்கொள்வார்கள்.

ஆங்கிலத்திலேயே இதை ஒட்டி ஒரு குழி உண்டு. “வான்ட்” என்றால் வேண்டும். “வோன்ட்” என்றால், அதாவது வில் நாட் சுருங்கினால், மாட்டேன். நம் நாக்கில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. “ஹி வோன்ட் ஈட்” என்றால் சாப்பிட மாட்டேன் என்கிறார். “ஹி வான்ட்ஸ் டு ஈட்” என்றால் பசிக்கிறதாம். ஆபரேஷன் முடிந்த மறுநாள் இந்த இரண்டையும் குழப்பினால் நோயாளி பாடு திண்டாட்டம். ஓகாரத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வதும், வான்டுக்குப் பின்னால் மறக்காமல் ‘டு’ போடுவதும் நல்லது.

அடுத்தது “கோயிங் டு”. தமிழர்களுக்கு ஆங்கிலம் செய்த பெரிய உபகாரம் இதுதான். நம் “போறேன்” அப்படியே அங்கே இருக்கிறது. “வீடு கட்டப் போறோம்”, “வீ ஆர் கோயிங் டு பில்ட் எ ஹவுஸ்.” “பொண்ணை நர்சிங் சேர்க்கப் போறேன்”, “ஐ ஆம் கோயிங் டு புட் மை டாட்டர் இன் நர்சிங்.” முன்பே யோசித்து எடுத்த முடிவு, இன்னும் தேதி குறிக்கவில்லை. தமிழில் “போறேன்” வருகிற இடத்தில் எல்லாம் தைரியமாகப் போடலாம்.

புதுச்சேரியின் பழைய சொல்தா குடும்பங்களில் வளர்ந்தவர்களைக் கேட்டால் பிரெஞ்சிலும் இதே கதை என்பார்கள். “ழெ வே பார்த்தீர்” என்றால் “நான் கிளம்பப் போகிறேன்”. அங்கும் ‘போ’ என்ற வினைதான் நாளையைத் தூக்கிச் சுமக்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத தமிழும் ஐரோப்பிய மொழிகளும் இதில் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. ஒரு காரியம் செய்ய ஓர் இடத்துக்குப் போகிறவனுக்கு, அந்தக் காரியம் மனதில் முடிவாகிவிட்டது என்று பொருள். நாளடைவில் நடை போய்விட்டது, முடிவு மட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் கால் இல்லாத மழைகூட “வரப் போகுது”.

மழை என்றதும் இன்னொரு நுணுக்கம். கிழக்கே கருத்துக்கொண்டு வருகிறது, காற்று குளிர்கிறது. “இட்ஸ் கோயிங் டு ரெயின்.” கண்ணெதிரே அத்தாட்சி இருக்கும்போது கோயிங் டு. “ஐப்பசியில மழை வரும்ங்க” என்று பொதுவாகச் சொல்லும்போது வில் வரலாம். வார்டிலும் அப்படித்தான். குழந்தையின் முகம் வெளிறி, வாயைப் பொத்திக்கொண்டால், “சிஸ்டர், ஷி இஸ் கோயிங் டு வாமிட்!” அங்கே “ஷி வில் வாமிட்” என்றால் சிஸ்டர் அவசரமில்லாமல் திரும்பி, “எப்போ? சாப்பிட்டாலா?” என்று கேட்கக்கூடும். பாத்திரம் வந்து சேர்வதற்குள் நேரம் போய்விடும்.

பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்குக் ‘கால வழுவமைதி’ என்ற சொல் நினைவிருக்கலாம். விரைவு, மிகுதி, தெளிவு போன்ற காரணங்களால் ஒரு காலத்தை இன்னொரு காலமாகச் சொல்லலாம், தப்பில்லை என்று இலக்கணமே அனுமதி கொடுத்திருக்கிறது. விரைவைப் பற்றித் தொல்காப்பியரும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் ‘மழை பெய்தது’ என்று இறந்த காலத்திலேயே சொல்லலாம் என்பது பழைய உரைகளில் வரும் உதாரணம். அவ்வளவு நிச்சயம்! வீட்டில் இன்றும் நடக்கிறது. “சாப்பிட வாடா” என்றால், போனை நோண்டிக்கொண்டிருக்கும் பிள்ளை அசையாமல், “வந்துட்டேம்மா” என்கிறான். இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு “கமிங்” அல்லது “ஐ ஆம் கமிங்.” “ஐ கேம்” என்றால் கேட்பவர் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்.

விடைபெறும்போது இதே “ஐ ஆம் கமிங்” கூடாது. நம் “வரேன்” உண்மையில் “போறேன்”. போகிறேன் என்று சொல்ல நமக்கு வாய் வராது. துக்க வீட்டில் மட்டும் “வரேன்” என்பதையும் சொல்லாமல் எழுந்து வருவோம். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த பெரியம்மா “வரேண்டா கண்ணு” என்றதை வெளியூர் டாக்டரிடம் “ஷி இஸ் கமிங்” என்று மாற்றிச் சொன்னால் இன்னொரு நாற்காலி வந்துவிடும். “ஷி இஸ் லீவிங் நௌ, ஷி வில் கம் அகெய்ன்” என்பதுதான் அதன் முழு அர்த்தம்.

“வரட்டுமா?” என்றும் விடைபெறுகிறோம். இந்த ‘அட்டுமா’வுக்கு ஆங்கிலத்தில் சரியான ஜோடி ஷல். “ஜன்னலை மூடட்டுமா?” “ஷல் ஐ குளோஸ் தி விண்டோ?” “கிளம்பலாமா?” “ஷல் வீ கோ?” பலரும் “வில் ஐ குளோஸ்?” என்கிறார்கள். அது “நான் மூடுவேனா?” என்று தன்னைத்தானே ஜோசியம் கேட்பது. கேள்வியில் ஐ, வீ இரண்டோடும் ஷல் என்பதை மட்டும் மனதில் வைத்தால் போதும். மற்றபடி ஷல், வில் சண்டையில் நாம் தலையிட வேண்டாம். ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் 1653-ல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் அதற்கு ஒரு விதி போட்டார். ‘நான்’ என்றால் ஷல் வெறும் எதிர்காலம், வில் சபதம். ‘அவன்’ என்றால் அப்படியே தலைகீழ். தண்ணீரில் விழுந்த வெளியூர்க்காரன் இரண்டையும் மாற்றிப் போட்டு, ‘நான் மூழ்கியே தீருவேன், யாரும் காப்பாற்றக் கூடாது’ என்று அர்த்தமாகும்படி கத்தினான், கரையில் நின்றவர்கள் மரியாதையாகச் சும்மா இருந்தார்கள் என்று அந்த விதியைக் கிண்டலடித்துப் பழைய ஜோக் ஒன்று உண்டு. இன்று இங்கிலாந்திலேயே அன்றாடப் பேச்சில் அந்த விதியை யாரும் பொருட்படுத்துவதில்லை. சட்டப் புத்தகங்களில் மட்டும் ஷல் விறைப்பாக நிற்கிறது. அங்கே அதற்கு ‘செய்தே ஆக வேண்டும்’ என்று பொருள்.

இனி, எல்லோரும் செய்யும் ஒரு பிழை. நாளிதழ் படிப்பவர்கள், ஆபீஸில் மெயில் எழுதுபவர்கள்கூடச் செய்வது.

“வென் தி ரிப்போர்ட் வில் கம், டாக்டர் வில் டெல்.”

வில் இரண்டு முறை வந்துவிட்டது. தமிழில் என்ன சொல்கிறோம்? “ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் சொல்வார்.” கவனித்தால், ‘வந்ததும்’, ‘வந்தா’, ‘வந்தப்புறம்’ எல்லாமே இறந்த கால அடியில் இருந்து பிறந்தவை. இன்னும் வராத ரிப்போர்ட்டைத் தமிழ் வந்ததாகவே வைத்துக்கொண்டு பேசுகிறது. ஆங்கிலம் அதை நிகழ்காலத்தில் வைக்கிறது: “வென் தி ரிப்போர்ட் கம்ஸ், தி டாக்டர் வில் டெல் அஸ்.” எந்த மொழியும் அங்கே எதிர்காலத்தை வைக்கவில்லை. ‘நாளைக்குத்தானே வரும்’ என்கிற கணக்கில் நாமாகக் கொண்டுபோய்ச் செருகியதுதான் அந்த முதல் வில். வென், இஃப், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், ஆஸ் சூன் ஆஸ் இவற்றை ஒட்டி வரும் பகுதியில் வில் வராது. “இஃப் ஹி கெட்ஸ் ஃபீவர், வீ வில் பிரிங் ஹிம் பேக்.” டிஸ்சார்ஜ் நாளில் இந்த ஒரு வாக்கிய அமைப்பு தெரிந்தால் பாதி சந்தேகங்களை நாமே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

நோயாளி பக்கத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து, இன்டர்வியூ அறைக்குப் போகலாம். கோரிமேட்டில் மருந்துக்கடை, டீக்கடை அளவுக்கு இன்டர்வியூவுக்குத் தயாராகும் நர்சிங் பிள்ளைகளையும் பார்க்கலாம். கல்ஃபுக்கு, இங்கிலாந்துக்கு, அயர்லாந்துக்கு என்று பல கனவுகள். “வாட் ஆர் யுவர் பிளான்ஸ்?” என்று கேட்டதும் பதில் அருவிபோல வரும்: “ஐ வில் கம்ப்ளீட் மை கோர்ஸ், ஐ வில் ரைட் தி எக்ஸாம், ஐ வில் கோ டு லண்டன், ஐ வில் லுக் ஆஃப்டர் மை பேரன்ட்ஸ்.” நான்கு வில். கேட்பவர் காதில் இது சபதம்போல விழுகிறது. எது முடிவானது, எது ஆசை என்று அவரால் பிரிக்க முடிவதில்லை. அவர் அறிய விரும்புவதோ அதைத்தான்.

தமிழில் அந்தப் பெண் அம்மாவிடம் பேசும்போது இந்தத் தவறைச் செய்ய மாட்டாள். “மே மாசம் கோர்ஸ் முடியுதும்மா. ஜூலையில பரிட்சை எழுதறேன், பணம் கட்டியாச்சு. அப்புறம் லண்டனுக்கு அப்ளை பண்ணப் போறேன். கிடைச்சா ரெண்டு வருஷத்துல உங்களையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்.” ஒவ்வொரு வாக்கியத்திலும் நிச்சயம் ஒரு படி இறங்குகிறது. வினையும் அதற்கேற்ப மாறுகிறது. ஆங்கிலத்திலும் அதே படிக்கட்டில் இறங்க வேண்டியதுதான். காலண்டரில் இருப்பதற்கு வெறும் நிகழ்காலம்: “மை கோர்ஸ் எண்ட்ஸ் இன் மே.” பணம் கட்டியாகிவிட்டதற்கு ‘இங்’: “ஐ ஆம் டேக்கிங் தி எக்ஸாம் இன் ஜூலை.” முடிவு செய்ததற்கு “ஐ ஆம் கோயிங் டு அப்ளை.” ‘லாம்னு இருக்கேன்’ என்பதற்கு “ஐ ஆம் ஹோப்பிங் டு” அல்லது “ஐ ஆம் திங்கிங் ஆஃப்”. ‘திங்கிங் டு கோ’ என்று பலர் சொல்கிறார்கள். ‘திங்கிங் ஆஃப் கோயிங்’ என்பதே சரி. பரிட்சையை ‘ரைட்’ என்பது நம் நாட்டு வழக்கு. வெளிநாட்டு இன்டர்வியூவில் ‘டேக்’ பாதுகாப்பானது.

வேலைக்கு வெளிநாடு போகும் நர்ஸ்கள் பலர் எழுதும் ஓ.ஈ.டி. தேர்வில் பேச்சுப் பகுதியே நோயாளியோடு பேசுவதுபோன்ற நாடகம்தான். ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம், இரண்டு முறை. இப்போது என்ன செய்யப்போகிறோம், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நோயாளிக்கு விளக்கும் கட்டம் அதில் அடிக்கடி வரும். “ஐ ஆம் ஜஸ்ட் கோயிங் டு செக் யுவர் பிரஷர். யூ வில் ஃபீல் சம் டைட்னஸ்.” என் முடிவுக்கு கோயிங் டு, உங்களுக்கு நேரப்போவதற்கு வில். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பேசப் பழகியவர், தேர்வில் மட்டுமல்லாமல் கட்டில் அருகிலும் தடுமாற மாட்டார்.

கட்டில் அருகில்தான் மிகக் கடினமான எதிர்காலமும் பேசப்படுகிறது. “அப்பாவுக்குச் சரியாயிடுமா டாக்டர்?”

டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லும் பதிலில் ஒரு சின்னச் சொல் இருக்கும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. “ஹி வில் பீ ஆல் ரைட்” என்றால் உறுதியாகச் சொல்கிறார். “ஹி ஷுட் பீ ஆல் ரைட்” என்றால், எல்லாம் ஒழுங்காகப் போனால் சரியாகிவிடும், எதிர்பார்ப்பு நல்லபடியாகவே இருக்கிறது, ஆனால் வாக்குக் கொடுக்கவில்லை. “ஹி மே ரெகவர்” என்றால் வாய்ப்பு உண்டு. “ஹி மைட்” என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. டாக்டர்கள் இந்தச் சொற்களைப் பெரும்பாலும் யோசித்தே எடுக்கிறார்கள்.

ஷுட் என்பதைப் பள்ளிக்கூடத்தில் ‘வேண்டும்’ என்று மட்டுமே படித்திருப்போம். ஆகவே, “சரியாகணும்னு சொல்றாரு” என்று அம்மாவிடம் மாற்றிச் சொல்கிறோம். அம்மாவுக்கு அது கடவுளிடம் வைக்கும் வேண்டுதல் மாதிரிக் கேட்கிறது. டாக்டரே கைவிட்டுவிட்டாரோ என்று முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறார். உண்மையில் தமிழிலும் இந்த ‘ணும்’ எதிர்பார்ப்பைச் சொல்லும். “ஆறு மணி பஸ் இந்நேரம் வந்திருக்கணுமே” என்கிறோம் இல்லையா? அதே பொருள்தான். ஆனால் அழுதுகொண்டிருக்கிற அம்மாவுக்கு இலக்கணம் சொல்ல முடியாது. “அநேகமா சரியாயிடும்னு சொல்றாரும்மா, ஆனா இன்னும் ரெண்டு நாள் பார்க்கணுமாம்” என்று சொன்னால் டாக்டர் சொன்ன அளவு அப்படியே வந்துவிடுகிறது.

எதிர்த்திசையிலும் தவறலாம். டாக்டர் ‘மைட்’ என்றதை, மனசு கேட்காமல், “சரியாயிடும்னு சொல்லிட்டாரு” என்று ஊருக்குப் போன் போட்டுவிடுகிறோம். ‘சரியாயிடும்’ என்ற தமிழ்ச் சொல் ரொம்பக் கருணை உள்ளது. உறுதியில் இருந்து வெறும் ஆறுதல் வரை எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். அந்த வசதி நமக்குள் பேசிக்கொள்ள நல்லது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில், கடன் வாங்கவேண்டிய நேரத்தில், டாக்டர் போட்ட சொல் வில்லா மைட்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கமில்லை. “ஆர் யூ ஷ்யூர், டாக்டர், ஆர் இஸ் இட் ஒன்லி எ சான்ஸ்?” என்று கேட்கலாம்.

கேட்கும்போது ஒரே ஒரு கவனம். “என்ன செய்யப் போறீங்க டாக்டர்?” என்பதை “வாட் வில் யூ டூ?” என்று கேட்க வேண்டாம். நிலைமை கைமீறினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சவால் விடுவதுபோல அது கேட்கக்கூடும். “வாட் ஆர் யூ கோயிங் டு டூ நெக்ஸ்ட், டாக்டர்?” என்றால், உங்கள் மனதில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்கிறது, அதை எங்களுக்கும் சொல்லுங்கள் என்று பொருள். அதற்குப் பதில் வரும். பதில் வந்ததும் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளலாம்: “வென் ஷுட் வீ கம் பேக்?” தேதியைச் சொன்னால் சீட்டின் பின்பக்கம் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.